நத்தையும் வௌவாலும்: ஒரு மக்தப் கேள்வியும் ஊர் மஷூராவும்

 

சென்ற மாதம் ஒரு நாள் அஸ்ர் தொழுகைக்குப் பின் மக்தபில் பாடம் தொடங்கும் நேரம். மாணவன் ஒருவன் பள்ளிவாசல் குளத்தங்கரையிலிருந்து பெரிய நத்தை ஒன்றை எடுத்து வந்து, குர்ஆன் பலகைக்கு அருகில் ஒளித்து வைத்திருந்தான். மற்றொருவன், குளக்கரை இலுப்பை மரத்திலிருந்து வௌவால் குட்டி ஒன்று கீழே விழுந்து கிடப்பதாகச் சொல்லிக்கொண்டே ஓடி வந்தான். சிறிது நேரத்தில் பிள்ளைகள் இரண்டு கட்சிகளாயினர். "நத்தை அழுக்கு, சேற்றில் கிடப்பது" என்றது ஒரு கட்சி. "வௌவால்தான் அழுக்கு, அது நோய் பரப்பும், தலைகீழாய்த் தொங்கும்" என்றது மறு கட்சி. இறுதியில் வழக்கு நம்மிடம் வந்தது. "ஹஜ்ரத், இதில் எது ஒசத்தி? நீங்களே சொல்லுங்கள்."

குட்டியை யாரும் தொட வேண்டாம் என்று தடுத்து, நத்தையைக் குளத்தில் விடச் செய்து, கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வைத்து, பாடத்தைத் தொடர்ந்தோம். கேள்விக்கு மட்டும் விடை சொல்லவில்லை. "பிறகு சொல்கிறோம்" என்று தள்ளிவைத்தோம்.

அதே வாரத்தில் நமது ஜமாஅத்தின் மஷூரா கூடியது. குளத்தின் ஒரு பகுதியை மண்ணடித்து மேடாக்கி வாகனங்கள் நிறுத்த இடம் அமைப்பது, வௌவால்கள் அடைந்திருக்கும் இலுப்பை மரங்களை வெட்டிவிடுவது என இரண்டு யோசனைகள் அங்கே முன்வைக்கப்பட்டன. பிள்ளைகள் விளையாட்டாய்த் தொடுத்த வழக்கு அப்பொழுதுதான் எவ்வளவு பெரிது என்று நமக்கு உறைத்தது. பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய விடையையே பெரியவர்களுக்கும் சொல்ல வேண்டியிருப்பதால் இக்கட்டுரை.

வயிற்றால் நடப்பதும் காற்றில் மிதப்பதும்

படைப்பினங்களில் வயிற்றால் நடப்பவை உண்டு, இரண்டு கால்களால் நடப்பவை உண்டு, நான்கு கால்களால் நடப்பவை உண்டு என்று திருக்குர்ஆன் அந்நூர் அத்தியாயத்தில் (24:45) எடுத்துச் சொல்கிறது. அவை அனைத்தும் நீரிலிருந்து படைக்கப்பட்டவை என்பதும் அவ்வசனத்தின் செய்தி. நத்தை அவற்றுள் முதல் வகையைச் சார்ந்தது. அதன் வயிறே அதன் கால்.

நமது குளங்களிலும் வயல்களிலும் காணப்படும் பெரிய நத்தையைச் சில ஊர்களில் ஊமச்சி என்பர். நீருக்குள் மூச்சு விடச் செவுளும், காற்றில் மூச்சு விட நுரையீரல் போன்ற பையும் இதன் ஒரே உடலுக்குள் இருக்கின்றன. குளம் நிறைந்திருக்கும்போது செவுளால் வாழும். நீர் கெட்டுப்போனாலோ குறைந்தாலோ, உடலை நீருக்குள் வைத்துக்கொண்டே குழாய் போன்ற ஓர் உறுப்பை மேலே நீட்டிக் காற்றை உள்ளிழுக்கும். ஓட்டின் வாயை அடைக்க ஒரு மூடியும் அதற்கு உண்டு. கோடையில் குளம் வற்றும்போது சேற்றுக்குள் புதைந்து, அம்மூடியை இறுக அடைத்துக்கொண்டு, உணவும் நீரும் இன்றி மாதக்கணக்கில் காத்திருக்கும். முதல் மழை மண்ணை நனைத்ததும் மூடியைத் திறந்துகொண்டு வெளியே வரும். இறந்த பூமியை மழையால் உயிர்ப்பிப்பதை மறுமைக்கு அத்தாட்சியாகப் பல இடங்களில் நினைவூட்டும் மறையை நாள்தோறும் ஓதும் நாம், நமது குளத்துச் சேற்றில் ஆண்டுதோறும் நிகழும் இக்காட்சியைப் பார்க்காமலே கடந்து போகிறோம்.

குளத்தின் பாசியையும் நீர்ச்செடிகளையும் உதிர்ந்து அழுகும் இலைகளையும் நத்தை உண்கிறது. நத்தையை உண்ணவென்றே ஒரு நாரை இருக்கிறது. நத்தைகுத்தி நாரை என்பது அதன் பெயர். அதன் அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். ஓட்டுக்குள்ளிருந்து நத்தையின் சதையைப் பிரித்தெடுப்பதில் அவ்வலகு கைதேர்ந்தது. சிவகங்கை மாவட்டத்தின் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களுக்கு ஆண்டுதோறும் வந்து கூடு கட்டும் பறவைகளில் இந்த நாரையும் ஒன்று. அப்பறவைகள் அஞ்சிவிடக் கூடாது என்பதற்காகவே அவ்வூர் மக்கள் தலைமுறைகளாகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. சேற்றில் நத்தை இல்லையேல் நாரை இல்லை. நாரை இல்லையேல் அவ்வூருக்கு அந்தப் பெருமையும் இல்லை.

பழந்தின்னி வௌவாலுக்கு வருவோம். சிறகை விரித்தால் ஒரு மீட்டருக்கும் மேல் நீளும். ஆயினும் அது பறவையன்று. குட்டி ஈன்று பாலூட்டும் விலங்கு. 'வௌவாலுக்குக் கண் தெரியாது' என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். பூச்சி தின்னும் சிறு வௌவால்கள் தாம் எழுப்பும் ஒலியின் எதிரொலியைக் கேட்டு இருளில் வழி அறிகின்றன என்பது உண்மை. நமது இலுப்பையில் தொங்கும் பெரிய பழந்தின்னிக்கோ அந்த எதிரொலி முறை கிடையாது. அது அகன்ற கண்களால் பார்த்தும் மூக்கால் மணம் அறிந்துமே பறக்கிறது. நாம் குருடு என்று சொல்லும் அவ்வுயிர், மக்ரிபுக்குப் பின் நாம் விளக்கின்றி ஓரடி எடுத்து வைக்கத் தயங்கும் இருளில் பல கல் தொலைவு சென்று, பழுத்த மரத்தை அடையாளம் கண்டு உண்டு, சுப்ஹுக்கு முன் தன் கிளைக்கே திரும்பி விடுகிறது.

பழத்தை மென்று சாற்றை விழுங்கிவிட்டுச் சக்கையைத் துப்புவது அதன் வழக்கம். விழுங்கிய சிறு விதைகள் சற்று நேரத்திலேயே எச்சத்தோடு வெளியேறி, தாய் மரத்துக்கு வெகு தொலைவில் விழுகின்றன. ஆல், அத்தி இனங்கள் பரவுவதற்கு இதுவும் ஒரு வழி. இலுப்பைப் பழத்தைக் கவ்விச் சென்று வேறோரிடத்தில் தின்று கொட்டையைப் போட்டுவிடுவதால், இலுப்பைக்கும் இதுவே விதைப்பாளி. நமது குளக்கரை இலுப்பையைப் பாட்டனார் காலத்தில் இன்னார் நட்டார் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. ஒரு வௌவால்தான் நட்டதோ என்னவோ!

எது பலவீனமானது?

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெளிவாகும்.

நத்தை கரையோரத்து ஈர மண்ணில் குழி செய்து நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஆனால், அது வாழும் குளத்தை விட்டு அதற்குப் போக்கிடமில்லை. மண் லாரி வந்து கொட்டினால், வேகமாக நகரத் தெரியாத அவ்வுயிர், மழை வரும் என்று காத்திருந்த மண்ணுக்குள்ளேயே மடிந்து போகும்.

வௌவாலுக்குச் சிறகு உண்டு, மரத்தை வெட்டினால் பறந்து போகும். ஆனால், பெண் வௌவால் ஆண்டுக்குப் பொதுவாக ஒரே ஒரு குட்டிதான் ஈனும். ஏறத்தாழ ஐந்து மாதம் வயிற்றில் சுமந்து, பிறந்த பின்னும் சில வாரங்கள் மார்போடு ஒட்ட வைத்துச் சுமக்கும். கூட்டத்தில் பாதி அழிந்தால், பழைய நிலைக்கு மீளப் பல்லாண்டுகள் ஆகும்.

ஒன்றுக்கு ஓட வழியில்லை. மற்றொன்றுக்கு இழப்பை ஈடுசெய்ய வழியில்லை. ஒன்றின் பலத்தை மற்றொன்றின் பலவீனத்தோடு ஒப்பிட்டு 'எது ஒசத்தி' என்று கேட்பதில் பொருளில்லை. எதை எப்படிக் காக்க வேண்டும் என்று கேட்பதற்கே இந்த ஒப்பீடு பயன்படும்.

முன்னோர் ஏடுகளில் இவ்விரண்டும்

விலங்குகளைப் பற்றி எழுதுவது மார்க்கக் கல்விக்கு அப்பாற்பட்டது என்று நம்மில் சிலர் கருதுகின்றனர். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டிலேயே பஸ்ராவின் ஜாஹிழ் விலங்குகளைப் பற்றிப் பல பாகங்களில் நூல் எழுதினார். ஹிஜ்ரி 808இல் மறைந்த எகிப்தின் ஷாஃபிஈ அறிஞர் இமாம் தமீரி, 'ஹயாத்துல் ஹயவான்' என்னும் பெருநூலில் உயிரினங்களை அகரவரிசையில் நிறுத்தி, அவற்றின் இயல்பையும் அவை குறித்த மார்க்கச் சட்டங்களையும் தொகுத்தார். வௌவாலுக்கும் நத்தைக்கும் அதில் இடமுண்டு.

ஈஸா (அலை) அவர்கள் களிமண்ணால் பறவையுருவம் செய்து, அல்லாஹ்வின் அனுமதியால் அது உயிர்பெற்றதைத் திருக்குர்ஆன் (3:49) கூறுகிறது. அப்பறவை வௌவாலே என்று விரிவுரையாளர்கள் சிலர் எழுதியுள்ளனர். இறகின்றிப் பறப்பதும், பற்கள் பெற்றிருப்பதும், பாலூட்டுவதுமாக அது படைப்பில் வியப்புக்குரியது என்பது அவர்கள் காட்டும் காரணம். இது திருக்குர்ஆனிலோ உறுதியான நபிமொழியிலோ வந்த செய்தியன்று, விரிவுரையாளர்களின் கருத்து. நாம் இதை ஆதாரமாக வைக்கவில்லை. நமது முன்னோர் வௌவாலை எந்தக் கண்ணோடு பார்த்தனர் என்பதற்காகவே சொல்கிறோம். வௌவால்களைக் கொல்ல வேண்டாம் என்று நபித்தோழர் அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்கள் சொன்னதாக இமாம் பைஹகீ பதிவு செய்திருப்பதும் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது.

உண்ணும் சட்டத்தைப் பொறுத்தவரை, வௌவாலைப் பெரும்பாலான அறிஞர்கள் விலக்கியுள்ளனர். நீர்வாழ்வனவற்றில் மீனைத் தவிர வேறெதையும் ஹனஃபி மத்ஹப் அனுமதிப்பதில்லை என்பதால் அங்கே நத்தைக்கும் இடமில்லை. ஷாஃபிஈ நூல்களில் இதற்குத் தனி விவாதம் உண்டு. அதை அவரவர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்க. ஆனால், உண்ணக் கூடாதது வேறு, ஒழிக்கப்பட வேண்டியது வேறு. இவ்விரண்டையும் நம் மக்கள் குழப்பிக்கொள்கின்றனர்.

புனித ஹரம் எல்லைக்குள்ளும் கொல்லலாம் என்று நபி (ஸல்) அவர்கள் அனுமதித்த ஐந்து பிராணிகளின் பட்டியல் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. காகம், பருந்து, எலி, தேள், வெறிநாய் என்பன அவை. அப்பட்டியலில் நத்தையும் இல்லை, வௌவாலும் இல்லை. தமக்குப் பயனற்றதையெல்லாம் தீங்கானது என்று கருதி அப்பட்டியலை நீட்டிக்கொண்டே போக நமக்கு யார் அதிகாரம் தந்தது?

நோய் என்னும் அச்சம்

மஷூராவில் மரத்தை வெட்டச் சொன்ன சகோதரர்களை நாம் கொடியவர்கள் என்று சொல்ல மாட்டோம். அவர்களுடைய அச்சம் உண்மையானது. 2018 மே மாதத்தில் அண்டை மாநிலமான கேரளத்தின் கோழிக்கோடு, மலப்புறம் மாவட்டங்களில் நிபா காய்ச்சல் 17 உயிர்களைப் பறித்தது. 2023இலும் கோழிக்கோட்டில் அது தலைகாட்டியது. அக்கிருமி பழந்தின்னி வௌவால்களின் உடலில் வாழ்வது என்பது அறிவியல் உறுதி செய்த செய்தி. பிள்ளைகளைப் பெற்றவர்கள் அஞ்சுவது இயல்பே.

ஆனால், நத்தையை ஏன் யாரும் அஞ்சுவதில்லை? குர்பானி ஆட்டை அறுத்து ஈரலை எடுக்கும்போது, சில வேளைகளில் அதில் இலை போன்ற தட்டைப்புழுக்கள் நெளிவதை நம்மில் பலர் கண்டிருப்போம். அப்புழுவின் முட்டை ஆட்டுச் சாணத்தோடு நீரில் கலந்து, குஞ்சாகி, குளத்துச் சிறு நத்தை இனங்களின் உடலுக்குள் புகுந்து வளர்கிறது. பின்னர் வெளியேறிக் கரையோரப் புல்லில் ஒட்டிக்கொள்கிறது. அப்புல்லை மேயும் ஆட்டின் ஈரலுக்குப் போய்ச் சேர்கிறது. நைல் நதிக்கரை மக்களை நெடுங்காலம் வாட்டிய வேறொரு புழுநோய்க்கும் நன்னீர் நத்தைகளே இடைவீடு. அந்நோயின் புழுவை 1851இல் கெய்ரோவில் கண்டறிந்தவர் தியோடர் பில்ஹார்ஸ் என்னும் ஜெர்மானிய மருத்துவர். ஆக, நோயைச் சுமப்பதில் நத்தையும் வௌவாலுக்குச் சளைத்ததன்று. அதற்காக எகிப்தியர் நைலைத் தூர்த்துவிடவில்லை. நாமும் ஆட்டுக்குப் புழுநீக்க மருந்து கொடுக்கிறோம், ஈரலைப் பார்த்துக் கழிக்கிறோம். நோய்க்கு வழி எதுவோ அதை அடைக்கிறோம்.

நிபாவிலும் வழியை அடைப்பதே அறிவு. 1998-99இல் மலேசியாவில் இந்நோய் முதன்முதலில் வெளிப்பட்டபோது, பன்றிப் பண்ணைகளை ஒட்டிப் பழமரங்கள் நிறைந்திருந்தன. வௌவால் கடித்துப் போட்ட பழங்களால் பன்றிகளுக்கும், பன்றிகளிடமிருந்து பண்ணையாட்களுக்கும் கிருமி சென்றது. பங்களாதேஷில் ஈச்ச மரத்தில் கட்டிய பானையில் இரவு வௌவால் வாய் வைக்க, அந்தச் சாற்றைக் காலையில் காய்ச்சாமல் குடித்தோருக்கு நோய் வந்தது. பானையின் வாயைச் சுற்றி மூங்கில் தட்டி கட்டினால் வௌவால் அண்டாது என்று அங்கே கண்டறிந்தனர். கோழிக்கோட்டில் 2018இல் நோயுற்றோரில் மிகப் பெரும்பாலோர்க்கு அது வந்தது நோயாளியின் அருகிலிருந்தேயன்றி மரத்தடியிலிருந்து அன்று.

மரத்தை வெட்டினால் என்ன ஆகும்? வௌவால்கள் மறைந்துவிடா. ஊரின் நாலா பக்கத் தோப்புகளுக்கும் வீட்டுக் கொல்லைகளுக்கும் சிதறிப் போகும். ஆஸ்திரேலியாவில் இதே இனக் கிருமியான ஹெண்ட்ராவை ஆராய்ந்தவர்கள், வாழிடமும் உணவும் இழந்து தவிக்கும் வௌவால்களிடமிருந்தே கிருமி மிகுதியாக வெளிப்படுவதாகக் கண்டுள்ளனர். அச்சத்தால் வெட்டிய மரம், அஞ்சியதையே வீட்டு வாசலுக்குக் கொண்டு வரும்.

தீங்கை அகற்ற வேண்டும் என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. ஒரு தீங்கை அதற்கு நிகரான வேறொரு தீங்கால் அகற்றலாகாது என்பதும் அதனோடு சேர்ந்த விதியே. முதல் விதியைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுவது நீதியன்று.

எச்சமும் ஒளுவும்

'வௌவால் எச்சத்தால் குளத்து நீர் ஒளுவுக்கு ஆகாமல் போகிறது' என்பது மற்றொரு வாதம். மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படுவதால் இதற்கு விடை சொல்வது நமது கடமையாகிறது.

ஹனஃபி சட்ட நூல்கள், தவிர்க்க இயலாத நிலையைக் கருதி, வௌவாலின் எச்சத்தை நஜீஸாகக் கொள்ளவில்லை. ஷாஃபிஈ மத்ஹபில், நீர் இரண்டு குல்லத்தை எட்டிவிட்டால், நிறமோ சுவையோ வாடையோ மாறாத வரை அதில் விழும் அசுத்தம் அந்நீரை அசுத்தமாக்காது. நமது குளமோ இரண்டு குல்லம் போல் எத்தனையோ மடங்கு பெரியது. நம் முன்னோர் இதே குளத்தில், இதே மரத்தடியில் ஒளு செய்து தொழுதவர்கள். அவர்கள் தொழுகை செல்லும் என்றால் நமக்கு மட்டும் என்ன இடர்? உண்மையில் நமது குளத்தைக் கெடுப்பது எதுவென்று சென்ற கந்தூரிக்கு மறுநாள் கரையோரம் மிதந்த பிளாஸ்டிக் தட்டுகளைக் கண்டவர்கள் அறிவார்கள்.

நமது மௌனம்

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மஷூராவில் நாமும் அமர்ந்திருந்தோம். மேற்சொன்னவை யாவும் அன்றும் நமக்குத் தெரிந்தவையே. ஆனால், பேசவில்லை. 'ஹஜ்ரத்துக்குப் பாடம் சொல்லும் வேலை, இடம் பார்க்கும் வேலை நமக்கு' என்று யாரேனும் சொல்லிவிடுவரோ என்ற தயக்கம் ஒருபுறம். மாதச் சம்பளம் வாங்கும் இடத்தில் எதற்குப் பகை என்ற நினைப்பு மறுபுறம். "ஹஜ்ரத் என்ன சொல்கிறீர்கள்?" என்று பெரியவர் ஒருவர் கேட்டபோது, "ஜமாஅத் முடிவு எதுவோ அதுதான்" என்று சொல்லி நழுவிவிட்டோம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. காலையில் மக்தபுக்குப் போனால், குட்டி விழுந்த செய்தியைக் கொண்டு வந்த அதே மாணவன், "ஹஜ்ரத், குட்டியை அதன் உம்மா வந்து தூக்கிப் போயிருக்குமா?" என்று கேட்டான். பயணத்தின்போது தோழர்கள் சிலர் ஒரு பறவையின் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்ததைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன செய்தியை அபூதாவூதிலிருந்து இவனுக்குப் பாடமாகச் சொன்னவர்கள் நாமே. பாடத்தில் சொன்னதை மஷூராவில் சொல்ல அஞ்சினோம். இதைவிட வெட்கம் ஓர் ஆசிரியனுக்கு வேறில்லை.

வக்ஃபின் நோக்கம்

குளமும் கரையும் மரங்களும் வக்ஃப். வக்ஃப் செய்தவர் இன்று கப்ரில் இருக்கிறார். அவருக்கு இன்றும் போய்ச் சேர வேண்டிய நன்மை எது? ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ பறவையோ மனிதனோ கால்நடையோ உண்டால், அது நட்டவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்னும் நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. இலுப்பையில் வௌவால் உண்ணும் ஒவ்வொரு பூவும் பழமும் அம்மரத்தை வக்ஃபாக விட்டவரின் கணக்கில் எழுதப்படும் என்று நாம் நல்லெண்ணம் கொள்கிறோம். குளத்து நீரைப் பருகும் ஆடும், மாலையில் நீர்ப்பரப்பை உரசிப் பறந்து நெஞ்சை நனைத்து அதை நக்கித் தாகம் தீர்க்கும் வௌவாலும், பாசி மேயும் நத்தையும் அதே கணக்கில் சேரும். அந்தக் கணக்கை மூடிவிட்டு அங்கே வாகனங்களை நிறுத்துவதற்கு முன், வக்ஃப் செய்தவருக்கு என்ன பதில் சொல்வோம் என்று ஒரு கணம் எண்ண வேண்டாமா?

இடநெருக்கடி உண்டு, மறுக்கவில்லை. ஜும்ஆ நாளில் சாலையை அடைத்து வண்டிகள் நிற்பதும், வழியில் செல்வோருக்கு இடையூறு ஆவதும் குற்றமே. அதற்கு வேறு வழி தேடலாம். அருகில் குடியிருப்போர் ஜும்ஆவுக்கு நடந்து வரலாம். பள்ளிக்கூட மைதானத்தை அந்த ஒரு மணி நேரத்துக்குக் கேட்டுப் பெறலாம். குளத்தை மூடினால் ஊர்க் கிணறுகளில் நீர்மட்டம் இறங்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நாட்டின் சட்டமும் மாறியிருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவால்களை எலி, காகம் ஆகியவற்றோடு தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 2022இல் கொண்டுவந்த திருத்தத்தில் அப்பட்டியலே நீக்கப்பட்டுவிட்டது. நம் தேனி மாவட்டத்து மேகமலையில் 1948இல் கிடைத்த ஓர் அரிய பழந்தின்னி வௌவால், 1972இல் புதிய இனமாக அறியப்பட்டபோது, பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் பெயரைச் சூட்டினர். ஒரு முஸ்லிமின் பெயரைத் தாங்கிய வௌவால் நம் மலையில் பறக்கிறது என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

செய்ய வேண்டியவை

அச்சத்தைப் பழிப்பதோடு நின்றால் பயனில்லை. மரத்தையும் குளத்தையும் வைத்துக்கொண்டே பிள்ளைகளைக் காக்கும் வழிகள் இவை:

1. வௌவாலோ பறவையோ கடித்த பழத்தை உண்ணக் கூடாது. கடித்த பகுதியை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியைத் தின்பதும் வேண்டாம். நல்ல பழங்களையும் கழுவித் தோல் நீக்கி உண்க.

2. விழுந்து கிடக்கும் வௌவாலை, உயிரோடிருந்தாலும் இறந்திருந்தாலும், வெறுங்கையால் தொடக் கூடாது. பெரியவரிடம் சொல்ல வேண்டும். கடியோ கீறலோ பட்டால் சோப்பிட்டு நன்கு கழுவி உடனே மருத்துவரிடம் செல்க.

3. பதநீர் இறக்குவோர் கலயத்தின் வாயை மூடிக் கட்ட வேண்டும். கிணறுகளுக்கும் ஹவுளுக்கும் வலை போட வேண்டும்.

4. மரத்தடியில் பிள்ளைகள் விளையாடாதிருக்கக் கரையோரம் சிறு வேலி அமைக்கலாம். பழைய நடைபாதையைச் சற்றுத் தள்ளி வைக்கலாம்.

5. ஆடுகளுக்கு உரிய காலத்தில் புழுநீக்க மருந்து கொடுத்து, நத்தைகள் மிகுந்த சதுப்புக் கரையில் மேயவிடாது தடுக்க வேண்டும். குர்பானி ஈரலில் புழு தென்பட்டால் அதைக் கழித்துப் புதைத்துவிட வேண்டும். நாய்க்கும் குளத்துக்கும் எறியலாகாது.

6. கந்தூரிக்கும் கல்யாணத்துக்கும் பிறகு குளக்கரையைத் துப்புரவு செய்யும் பொறுப்பை விருந்து நடத்தியவரே ஏற்க வேண்டும்.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. ஒரு மரத்தை வெட்டும் கூலியிலேயே வேலியும் வலையும் ஆகிவிடும்.

பிள்ளைகளுக்கு நாம் சொன்ன விடை

பூமியில் ஊர்ந்து திரிவனவும் இரு சிறகுகளால் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று அல்அன்ஆம் அத்தியாயம் (6:38) அறிவிக்கிறது. சமுதாயம் என்றால் அதற்கொரு குடியிருப்பு உண்டு, குழந்தைகள் உண்டு, தன் இறைவனோடு ஒரு தொடர்பு உண்டு. நத்தையின் மஹல்லா குளம். வௌவாலின் மஹல்லா இலுப்பை. அவ்விரண்டுக்கும் நடுவில் நம்முடைய மஹல்லா.

சென்ற வாரம் மக்தபில் பிள்ளைகளைக் கூட்டி, தள்ளிவைத்த கேள்விக்கு விடை சொன்னோம். "ஒசத்தி, தாழ்த்தி என்பது அவற்றுக்கில்லை. இறையச்சத்தால் உயர்வதும் அதை இழந்து தாழ்வதும் நமக்குத்தான். நத்தையும் வௌவாலும் தமக்கு இட்ட வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. கேள்வி கேட்கப்படப் போவது நம்மிடமே. ஒரு பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் கொன்றதற்காக ஒரு பெண் நரகம் சென்றதையும், தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்ததற்காக ஒருவருக்கு மன்னிப்புக் கிடைத்ததையும் நீங்கள் படித்திருக்கிறீர்கள் அல்லவா?" என்றோம். பிள்ளைகள் தலையசைத்தனர். அந்தக் கடைசி வரிசை மாணவன் மட்டும், "அப்போ மரத்தை வெட்ட மாட்டாங்கதானே ஹஜ்ரத்?" என்றான்.

அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நாமும் நீங்களுமே. அடுத்த மஷூரா வரும் ஞாயிறு இஷாவுக்குப் பின் கூடுகிறது. இம்முறை நாம் பேசுவதாக உறுதி கொண்டுள்ளோம். இக்கட்டுரையில் எழுதியதையே அங்கும் சொல்வோம். நம் கருத்தில் பிழை இருப்பின் ஆலிம் பெருமக்கள் திருத்தட்டும், ஏற்றுக்கொள்வோம். சரியெனப் பட்டால் உடனிருந்து கைகொடுங்கள். வெளியூர்ச் சகோதரர்கள் தத்தம் ஊர்ப் பள்ளிவாசலில் குளமும் மரமும் எஞ்சியிருக்கின்றனவா என்று ஒருமுறை போய்ப் பாருங்கள்.

வல்ல அல்லாஹ், வாயற்ற உயிர்கள் விஷயத்தில் நம் அனைவருக்கும் நீதியையும் இரக்கத்தையும் வழங்குவானாக. நாம் பேச வேண்டிய இடத்தில் காத்த மௌனத்தை மன்னிப்பானாக. ஆமீன்.

அல்லாஹ் மிக அறிந்தவன்.